சின்னக்காவின் 16.8 நாள்

லண்டனில் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் 2025 ஜூன் மாதம் நடந்த உரையாடல் இது. சின்னக்கா ஒரு தனியார் பல் வைத்திய நிலையத்தில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வரவேற்பு மேசையில் இருக்கிறார். மச்சாள் ஹரோவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்ப்பவர். அவரும் சின்னக்காவும் ஒருவரையொருவர் 'மச்சாள்' என்றே கூப்பிடுவார்கள். எல்லோரிடமும் கேட்டுத்தான் இங்கே போடுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

சின்னக்கா, மாலை 6:48
அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு ஆகஸ்டில் போக முடியாது போல இருக்கிறது. லீவு கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பெரியண்ணா, 6:50
ஏன் தங்கச்சி? டிக்கெட் போட்டுவிட்டாயா?

சின்னக்கா, 6:55
இன்னும் இல்லை, நல்ல காலம். மூன்று கிழமை கேட்டேன். எனக்கு அது 9 வேலை நாள். மனேஜர் கணினியைப் பார்த்துவிட்டு, "உனக்கு 7 நாள்தான் மிச்சம்" என்கிறார். வருடத்துக்கு 12 நாள், ஈஸ்டர் நேரம் பிள்ளைகளுக்காக 3 எடுத்தேன், மே கடைசியில் 2.

மாமி, 6:57
ஐயோ பிள்ளை, அம்மா நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறாவே.

மச்சாள், 7:02
மச்சாள், 12 நாள் என்பது எப்படி வந்தது?

சின்னக்கா, 7:04
புல் டைம் ஆட்களுக்கு 20 நாள். நான் ஐந்தில் மூன்று நாள் வருகிறேன், அதனால் 12. பாங்க் ஹொலிடே என் வேலை நாளில் வந்தால் எனக்கும் சம்பளத்தோடு லீவு. வராவிட்டால் இல்லை.

மச்சாள், 7:05
புல் டைம் ஆட்களுக்கு எட்டு பாங்க் ஹொலிடேயும் கிடைக்கிறதா?

சின்னக்கா, 7:05
ஓம், அன்றைக்கு கிளினிக் பூட்டுத்தானே.

மச்சாள், 7:06
அங்கேதான் உங்கள் நாள் போகிறது. கொஞ்சம் பொறுங்கள், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறேன்.

நான், 7:09
அக்கா, உங்களுக்கு லீவுக் கணக்கு ஏப்ரலில் இருந்து மார்ச் வரையா?

சின்னக்கா, 7:16
ஓம் தம்பி.
[படம்]
பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் கோயில் கலண்டர் இது. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டதெல்லாம் பாங்க் ஹொலிடே. ஏப்ரல் 21, மே 5, மே 26, ஆகஸ்ட் 25, நாலும் திங்கள். ஏப்ரல் 18, டிசம்பர் 26, இரண்டும் வெள்ளி. நத்தாரும் புதுவருடமும் மட்டும் வியாழன். எட்டில் எனக்கு இரண்டு. ஏழு வருடமாக இப்படித்தான். திங்களில் நான் வேலைக்குப் போவதில்லை, பிறகு எப்படித் திங்கள் லீவு கேட்பது என்று நானே எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மச்சாள், 8:05
வந்துவிட்டேன். சட்டம் கிழமைக் கணக்கில் பேசுகிறது. வருடத்துக்கு 5.6 கிழமை. கிழமைக்கு ஐந்து நாள் வேலை என்றால் ஐந்தால் பெருக்க வேண்டும், 28 நாள். மூன்று நாள் என்றால் 16.8 நாள். உங்களுக்கு 12உம் வியாழன் இரண்டும் சேர்த்து 14. அப்போ 2.8 நாள் குறைகிறது.

மச்சாள், 8:09
இந்த 5.6 எப்படி வந்தது என்று தெரிந்தால் மனேஜரோடு கதைக்கத் தைரியம் வரும். முன்பு 4 கிழமைதான் இருந்தது. பாங்க் ஹொலிடேயையும் அதற்குள்ளே அடக்கிக்கொண்ட முதலாளிகள் நிறைய. அதனால் 2007 அக்டோபரில் 4.8 ஆக்கினார்கள், 2009 ஏப்ரலில் 5.6. கூட்டியது 1.6 கிழமை. அதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், சரியாக 8 நாள். மூன்றால் பெருக்கினால் 4.8. அந்த எட்டில் உங்கள் பங்கு அது. திங்களில் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்களுடையது.

சின்னக்கா, 8:11
இதை ஏழு வருடம் கழித்துக் கேட்கிறேன்.

பெரியண்ணா, 8:14
ஒரு விசயம். எங்கள் வேலையிடத்து யூனியன்காரர் ஸ்கொட்லாந்து வழக்கு ஒன்று சொன்னார். புதனில் இருந்து வெள்ளி வரை வேலை செய்த ஒருவர் திங்கள் லீவு கேட்டு 2007இல் தோற்றுவிட்டாராம். அதை இவர்கள் தூக்கிக் காட்டினால்?

மச்சாள், 8:19
நல்ல கேள்வி அண்ணா. அந்த இடம் ஏழு நாளும் திறந்திருந்தது. அங்கே புல் டைம் ஆட்களிலும் திங்களில் வராதவருக்கு அந்த லீவு இல்லை. அதனால் பார்ட் டைம் என்பதற்காகக் குறைக்கவில்லை என்று தீர்ப்பு. மச்சாளின் கிளினிக் திங்கள் முதல் வெள்ளி வரை, புல் டைம் எல்லோருக்கும் எட்டும் கிடைக்கிறது. அதோடு 5.6 கிழமை என்பது குறைந்தபட்சம். எந்தக் கொன்ராக்டும் அதற்குக் கீழே போக முடியாது.

அண்ணாவின் மகள், 8:24
சின்ன மாமி, நானும் ஒன்று கேட்கலாமா? கபேயில் எனக்கு ஸீரோ அவர்ஸ், இத்தனை மணி என்று நிச்சயம் இல்லாத வேலை. லீவுக் காசு மணிச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது என்றார்கள்.

மச்சாள், 8:25
மணிக்கு எவ்வளவு? உனக்கு 19 தானே?

அண்ணாவின் மகள், 8:25
ஓம். 10 பவுண்.

மச்சாள், 8:31
இந்த ஏப்ரலில் இருந்து 18 முதல் 20 வயது வரைக்குமான குறைந்தபட்ச சம்பளமே 10 பவுண். அதற்குள்ளே லீவுக் காசை ஒளித்து வைக்க இடமே இல்லை பிள்ளை. 2024 ஏப்ரல் 1இலோ அதற்குப் பிறகோ தொடங்கும் லீவு வருடங்களில், நேரம் நிலையில்லாத வேலை என்றால், லீவுக் காசை லீவு எடுக்கும்போது கொடுக்காமல் சம்பளத்தோடு 12.07 சதவீதம் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் பே ஸ்லிப்பில் தனி வரியாகக் காட்ட வேண்டும். மே மாதம் எத்தனை மணி?

அண்ணாவின் மகள், 8:32
60.

மச்சாள், 8:34
அப்போ 600 பவுண் சம்பளம். அதற்குக் கீழே 72.42 என்று தனி வரி இருக்க வேண்டும். தனி வரி இல்லை, லீவும் இல்லை என்றால் அவர்கள் கொடுக்கவே இல்லை. பழைய பே ஸ்லிப் எல்லாவற்றையும் எடுத்து வை, சனிக்கிழமை வீட்டுக்கு வா. உட்கார்ந்து பார்ப்போம்.

பெரியண்ணா, 8:36
இதை ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை மகள்?

அண்ணாவின் மகள், 8:37
சண்டை போடுவீர்கள் என்று பயந்தேன் அப்பா.

சின்னக்கா, 8:52
எனக்கும் பயம்தான். மனேஜர் கெட்டவர் இல்லை. மகன் வைத்தியசாலையில் இருந்தபோது ஒரு சொல் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியவர். இதைக் கேட்டால் முகம் மாறுமோ, வேலை போகுமோ?

மச்சாள், 8:58
சட்டம் தந்த உரிமையைக் கேட்டதற்காக ஒருவரை நிறுத்தினால், அது அந்த ஒரு காரணத்துக்காகவே நியாயமற்ற பணிநீக்கம். நீங்கள் அங்கே ஏழு வருடம். நேற்றுச் சேர்ந்தவருக்கே இந்தக் காவல் உண்டு. அவரோடு சண்டை வேண்டாம். அவர் கணினி சொல்வதைச் சொல்கிறார், கணினியில் யாரோ 12 என்று போட்டிருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லிக் கேட்கிறோம், அவ்வளவுதான். ஆனால் வாயால் கேட்க வேண்டாம், எழுதிக் கொடுங்கள்.

நான், 9:01
முந்தைய வருடங்களில் போனதையும் கேட்கலாமா?

மச்சாள், 9:05
கடினம். குறைந்தது அந்த 1.6 கிழமைப் பகுதியில். அதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். பழையதையும் இதையும் ஒரே முடிச்சாகக் கட்டினால் ஆகஸ்ட் போய்விடும். முதலில் இந்த வருடம்.

மச்சாள், 9:40
கடிதம் எழுதிவிட்டேன். தமிழில் வாசித்துப் பாருங்கள், சரி என்றால் ஆங்கிலத்தில் அனுப்புகிறேன்.

"நான் கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்கிறேன். 1998ஆம் ஆண்டு வேலை நேர ஒழுங்குவிதிகளின்படி எனக்கு ஆண்டுக்கு 5.6 கிழமை, அதாவது 16.8 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. தற்போது 12 நாளும், என் வேலை நாளில் வரும் 2 பொது விடுமுறைகளும் கணக்கிடப்பட்டுள்ளன. முழுநேர ஊழியர்களுக்கு 28 நாள் கிடைக்கிறது. மீதி 2.8 நாளை என் கணக்கில் சேர்த்து, ஆகஸ்ட் 5 முதல் 21 வரை 9 நாள் விடுமுறையை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதானால், 2000ஆம் ஆண்டு பகுதிநேர ஊழியர் ஒழுங்குவிதிகளின்படி காரணத்தை 21 நாளுக்குள் எழுத்தில் தரவும்."

சின்னக்கா, 9:44
9 நாளும் உள்ளே அடங்குமா?

மச்சாள், 9:46
16.8இல் எடுத்த 5ஐக் கழித்தால் 11.8. நத்தார், புதுவருடம் 2 போனால் 9.8. அடங்கும். 0.8 மிச்சம்கூட இருக்கும். கேட்கும் லீவைப் போல இரண்டு மடங்கு காலத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது.

மாமி, 9:47
ஆகஸ்ட் 21 வரை என்றால் நல்லூர்த் தேரும் பார்க்கலாம் பிள்ளை.

ஜூன் 12, வியாழன்

சின்னக்கா, மதியம் 1:10
கொடுத்துவிட்டேன். கையில் கொடுத்தேன், மின்னஞ்சலிலும் அனுப்பினேன். வாசித்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. கை நடுங்கியது, உறையில் என் பெயரையே பிழையாக எழுதிவிட்டேன்.

மாமி, 1:12
பிள்ளையார் இருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

சின்னக்கா, மாலை 5:35
கூப்பிட்டுக் கதைத்தார். கணக்கு சரிதானாம். ஆனால் ஆகஸ்டில் ஆள் குறைவாம். அதனால் 2.8 நாளைக் காசாகத் தருகிறேன் என்கிறார். மணிக்கு 12.21 பவுண்படி 22.4 மணிக்கு 273.50 பவுண். வாங்கட்டுமா?

மச்சாள், 5:37
வேண்டாம். வேலையில் இருக்கும் வரைக்கும் இந்த லீவைக் காசாக மாற்ற முடியாது. வேலையை விட்டுப் போகும்போது மட்டும்தான் மிச்ச லீவுக்குக் காசு. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மரியாதையாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பெரியண்ணா, 5:41
திகதியைத்தான் அவர் மாற்றக் கேட்கலாம், அப்படித்தானே?

மச்சாள், 5:45
ஓம் அண்ணா. நாள் எப்போது என்பதில் அவருக்கும் சொல் உண்டு. நாள் உண்டா இல்லையா என்பதில் கிடையாது. அதனால் மச்சாள், அம்மாவின் ஒப்பரேசன் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள், திகதி ஏன் முக்கியம் என்று அவருக்கும் விளங்கட்டும். அதற்கும் இல்லை என்றால் வேலை உரிமை பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்புக்குப் போன் எடுப்போம், அதற்குக் கட்டணம் இல்லை. வேலை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கும் 2017இல் உச்ச நீதிமன்றம் கட்டணத்தை நீக்கிவிட்டது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் கெடு. மறுத்த ஜூன் 10இல் இருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. கலண்டரில் செப்டெம்பர் 9ஐயும் வட்டம் போட்டு வையுங்கள்.

சின்னக்கா, 5:52
போட்டுவிட்டேன். பச்சை மையால்.

ஜூன் 19, வியாழன்

சின்னக்கா, மாலை 4:20
[படம்]

நான், 4:21
16.80!

சின்னக்கா, 4:24
ஓம் தம்பி, கணினித் திரையையே படம் எடுத்தேன். ஆகஸ்ட் 5 முதல் 21 வரை பச்சை நிறம். மனேஜர், "எனக்கு இது உண்மையில் தெரியாது, மன்னித்துக்கொள்" என்றார். அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அழுதா. பிறகு வரும்போது என்ன கொண்டுவரக் கூடாது என்று ஒரு பட்டியல் சொன்னா.

மாமி, 4:26
கடவுளே. டிக்கெட்டை இன்றைக்கே போடுங்கள், விலை ஏறிவிடும்.

பெரியண்ணா, 4:30
டிக்கெட் என் பொறுப்பு.

சின்னக்கா, 4:41
மச்சாள், இன்னொன்று. எங்களோடு போலந்துப் பெண் ஒருவர் நேர்ஸாக இருக்கிறார், புதன், வியாழன், வெள்ளி. அவருக்கும் கணக்குப் போட்டேன். 12, வியாழன் 2, வெள்ளி 2, மொத்தம் 16. சரியா?

மச்சாள், 4:43
சரி. அவருக்கு 0.8 குறைகிறது. 8 மணி நேர நாள் என்றால் 6 மணி 24 நிமிடம்.

சின்னக்கா, 4:44
சின்னத் தொகை, விடலாம் என்றார். விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு இங்கே தேநீருக்கு வருகிறார், அவருடைய கடிதத்தை எழுதப் போகிறோம். தம்பி, உன் பிரிண்டரில் மை இருக்கிறதா?

நான், 4:45
இருக்கிறது அக்கா. ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள்.