ஜேமி சொன்ன ஒரு வாக்கியமும் எட்டாவது சீசனும்

அல்சூர்வாசி:
2019 ஏப்ரல், மே மாதங்களில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாவது சீசன் அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பானபோது, பெங்களூரில் நமக்கு அது திங்கள் காலை 6.30 மணி. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பேருந்து போனாலும் போகட்டும் என்று, அறைத்தோழர்கள் நால்வரும் ஹாட்ஸ்டார் முன்னால் உட்கார்ந்திருப்போம். அவ்வளவு நேசித்ததால்தான் அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. பலரும் டிராகன்களை வளர்த்த அரசி டெனேரிஸ் நகரை எரித்ததைப் பற்றியே பேசுகிறார்கள்; எனக்கு ஆறாதது வாள்வீரன் ஜேமி. மூன்றாவது சீசனில், வலது கையை இழந்து, குளியல் தொட்டியில் துவண்டு கிடந்தபடி, நகரத்தையே எரிக்க ஆணையிட்ட பித்துப்பிடித்த மன்னனை மக்களைக் காப்பாற்றவே தான் கொன்றதாகவும், அதற்குக் கிடைத்தது ‘மன்னனைக் கொன்றவன்’ என்ற வசை மட்டுமே என்றும் அவன் பிரியன் என்ற வீராங்கனையிடம் சொல்வான். அந்தக் காட்சிதான் அவனை வெறுத்த நம்மை அவன் பக்கம் திருப்பியது. அதே மனிதன் எட்டாவது சீசனின் ஐந்தாம் அத்தியாயத்தில், அப்பாவிகளோ இல்லையோ, மக்களைப் பற்றித் தான் ஒருபோதும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை என்று தம்பி டிரியனிடம் சொல்கிறான். தாங்கள் எழுதியதையே எழுத்தாளர்கள் மறந்துவிட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

ஜயநகர் வாசகி:
நண்பரே, அந்த வாக்கியத்தை நான் அப்படிக் கேட்கவில்லை. முந்தைய அத்தியாயத்தில் பிரியனை அழவிட்டுக் கிளம்பும்போது, தன் இரட்டைச் சகோதரியும் காதலியுமான செர்சி வெறுக்கத்தக்கவள், தானும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டே ஜேமி குதிரையேறுகிறான். தன்மீது உள்ள அருவருப்பால், தான் செய்த ஒரே நல்ல காரியத்தைக்கூடத் தனக்குரியதல்ல என்று தள்ளிவிடுகிற மனிதன் அவன். தொடரின் முதல் அத்தியாயத்தில் அவளுக்காக ஒரு சிறுவனை மாடத்திலிருந்து தள்ளியவன் கடைசியில் அவளிடமே போய்ச் சேர்வது முரண் அல்ல. டெனேரிஸும் அப்படித்தான்: நகரங்களை எரிப்பேன் என்று இரண்டாவது சீசனிலேயே மிரட்டியவள், நான்காவதில் 163 அடிமை உடைமையாளர்களைச் சிலுவையில் அறைந்தவள். அன்று நாம் கைதட்டினோமே!

மல்லேஸ்வரத்தான்:
பாத்திரங்களை விடுங்கள், மூன்றாம் அத்தியாயத்துப் போர் கண்ணுக்கே தெரியவில்லை. விடிந்துவிட்ட வேளையில், திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிட்டும், தொலைக்காட்சியில் கருமைதான். 55 இரவுகள் பனியிலும் சேற்றிலும் படமாக்கிய உழைப்பு இப்படி வீணானதே என்பது என் வருத்தம்.

அல்சூர்வாசி:
வாசகி அவர்கள் சொல்லும் விதைகள் அங்கே இருந்தன என்பதை ஏற்கிறேன். ஆனால் நான்காவது சீசனின் இறுதியையும் நினைவில் கொள்ளுங்கள். டெனேரிஸின் டிராகன் எரித்த மூன்று வயதுக் குழந்தையின் கரிந்த எலும்புகளை ஒரு தந்தை துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்ட, பிள்ளைகளாக வளர்த்த மற்ற இரண்டு டிராகன்களையும் அவளே நிலவறையில் சங்கிலியிட்டுவிட்டு அழுதுகொண்டு வெளியேறுகிறாள். அந்தப் பெண், சரணடைந்ததை அறிவிக்கும் மணி ஒலித்த பிறகும் தெருத் தெருவாகக் குழந்தைகளை எரிக்கிறாள் என்றால், அந்த இடைவெளியை நாம் கூடவே நடந்து கடந்திருக்க வேண்டும். அவளுடைய நெருங்கிய தோழி மிசாண்டேயின் தலை விழுந்த அடுத்த அத்தியாயத்திலேயே நகரம் எரிந்து முடிந்துவிடுகிறது. முதல் ஆறு சீசன்களுக்கும் தலா 10 அத்தியாயங்கள், ஏழாவதற்கு 7, இதற்கு 6. கூடுதல் அத்தியாயங்களுக்குத் தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ தயாராக இருந்தும் சுருக்கியது தயாரிப்பாளர்கள் எடுத்த முடிவு. அதனால்தான் எனக்குக் கோபம். தொடருக்கு மூலமான நாவல்களை எழுதும் மார்ட்டினின் ஐந்தாவது நாவல் 2011இல் வந்தது, ஆறாவது வரவில்லை, ஆகவே வழிகாட்ட நூல் இல்லை என்ற சமாதானமும் போதாது. முடிவு இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே போகும் பாதையைத்தான் எழுதாமல் விட்டார்கள்.

ஜயநகர் வாசகி:
அவசரம் உண்மை, டெனேரிஸ் விஷயத்தில் அதை மறுக்க மாட்டேன். ஆனால் சீசனை முழுவதும் மறுபடி எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிரியனாக நடித்த பீட்டர் டிங்க்லேஜ் அந்த ஆண்டு எம்மி விருதைப் பெற்றது அதே சீசனுக்காகத்தான். இடிபாடுகளை விலக்கி, இறந்துபோன அண்ணன் ஜேமியின் தங்கக் கையை அவர் கண்டெடுக்கும் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். மக்களைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை என்று ஜேமி சொன்னதை டிரியன் நம்பினானா என்பதற்கான பதில் அந்த முகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அல்சூர்வாசி:
அந்தக் காட்சியில் நானும் அழுதேன். ஆனால் அம்மையீர், அங்கே என்னை அழவைத்தது மூன்றாவது சீசனின் ஜேமி.