மறுமொழி: ஸ்கைலைனுக்குத் தமிழ்ச்சொல் – என் ஓட்டு 'முகட்டுக்கோடு'

எல்லாருக்கும் வணக்கம், ஸ்கைலைன்னா கட்டடமோ மலையோ வானத்தோட சேர்ற உச்சி ஓரம், அதுக்கு நம்ம சொல்பட்டியலுக்காகத் தமிழ்ச்சொல் தேடறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது:

> அடிவானம், தொடுவானம்னு ரெண்டு அழகான சொல் ஏற்கெனவே இருக்கே. ஸ்கைலைனுக்கும் அதையே வச்சுக்கலாமே, புதுசா எதுக்கு?

ஐயா, இதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. மொட்டைமாடியிலேர்ந்து நெலாவ படம் எடுக்கறவனுக்கு அடிவானத்தையும் ஸ்கைலைனையும் ஒண்ணாக்கிட்டா அன்னிக்கு சாயங்காலமே வீண். ஆப்ல சந்திரோதயம் 6.10ன்னு போட்டிருந்தா அது மறைப்பே இல்லாத அடிவானத்துக்கான கணக்கு, மெரினாவுல நிக்கறவருக்கு சரியா வரும். நம்ம மாடிக்கு எதிர்ல அபார்ட்மென்ட், சின்டெக்ஸ் டேங்க், செல்போன் டவர்னு எல்லாம் சேந்து அஞ்சு டிகிரி மறைச்சிருக்குன்னு வைங்க, நெலா ஒரு டிகிரி ஏற சுமார் நாலு நிமிஷம், அப்ப டேங்குக்கு மேல தலை காட்டறதுக்குள்ள 6.30 ஆயிடும், அதுக்குள்ள நம்ம ஊர்ல மளமளன்னு இருட்டிடும்.

இருட்டினா என்னன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கலே. பௌர்ணமி நெலாங்கறது நல்ல வெயில்ல கெடக்கற பாறை, நல்லா மேல ஏறினப்புறம் கேமராவுல ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 11, ஷட்டர் (ஒளி விழற நேரம்) 1/100 செகண்டு வச்சாலே போதும். கீழ இருக்கற கட்டடமோ ராத்திரியில அதே எஃப் 11ல பல செகண்டு கேக்கும். கட்டடத்துக்கு வச்சா நெலா வெள்ளைப் பொட்டு, நெலாவுக்கு வச்சா ஊரே காணோம். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க பௌர்ணமிக்கு முந்தின நாளே ட்ரைபாட தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிடறாங்க, அன்னிக்கு நெலா முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடும், சூரிய வெளிச்சம் இன்னும் கட்டடத்து மேல மிச்சம் இருக்கும், ஒரே ஷாட்ல ரெண்டும் அடங்கும். ஆக அடிவானத்துல எத்தனை மணி, கட்டட உச்சியில எத்தனை மணின்னு தனித்தனியா சொல்லியே ஆகணும், ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா எப்படி?

> வான்முகடு?

கேக்க ஜம்முனு இருக்கு, ஆனா வான்முகடுன்னா அண்ணாந்து பாக்கற உச்சி வானம். நாம பேசறது கீழ இருக்கற ஓரம்.

> நகரவிளிம்பு? வான்வரை?

முதல் சொல்லைப் பாத்தா புறநகர்ல மனை விக்கறவங்க சந்தோஷப்படுவாங்க. ரெண்டாவது, "சென்னையின் வான்வரை"ன்னு எழுதினா வானம் வரைக்கும்னுதான் படிப்பாங்க.

என் பரிந்துரை முகட்டுக்கோடு. ஓட்டு வீட்டுல ரெண்டு சரிவும் சேர்ற உச்சி முகடு, மலைக்கும் முகடு உண்டு, அதனால கோயம்புத்தூர்க்காரர் மாடியிலேர்ந்து தெரியற மலைத்தொடருக்கும் இதே சொல் செல்லும். போதாக்குறைக்கு பழைய தமிழ்ல கோடுன்னாலே மலையுச்சி, திருச்செங்கோடு இருக்கே (இது போனஸ்தான், இதுக்காக ஓட்டு போட வேண்டாம்). குட்டியும் போடும்: அடிவான உதயம், முகட்டு உதயம். ஆப் காட்டறது முன்னது, நமக்கு வேண்டியது பின்னது.

வாக்கியத்துல வச்சுப் பாத்தேன்: "எல்ஐசி கட்டடம் 177 அடி. வடபழனிப் பக்கம் சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு மாடியிலேர்ந்து, நடுவுல எதுவும் மறைக்கலேன்னா, அது வானத்துல அரை டிகிரி உயரம் நிக்கும், நெலாவோட அகலமும் அதே அரை டிகிரி. முகட்டுக்கோட்டுல நெலா உக்காரும்போது ரெண்டும் சரிசமமா தெரியும். 500 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டாலும் சென்சார்ல நெலா நாலரை மில்லிமீட்டர்தான், ஆனா பக்கத்துல கட்டடம் இருக்கறதால பிரம்மாண்டமா இருக்கும். ரெண்டு நிமிஷத்துல தன் அகலத்துக்கு நகந்துடும், ஃபோகஸ முன்னாடியே கட்டடத்துல பூட்டிடுங்க."

எங்கயும் இடறலைன்னு நெனைக்கறேன். "க்கோட்டுல"ன்னு வர்றப்ப மட்டும் நாக்கு கொஞ்சம் முட்டுது, அதுக்காக "முகட்டுவரி"ன்னு மாத்தலாம்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன், வரி கட்டறதோட குழம்பாம இருந்தா சரி.

ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆட்சேபணை வரலேன்னா சொல்பட்டியல்ல ஏத்திடறேன். அடுத்து எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் (ஒரே காட்சிய வெவ்வேற வெளிச்ச அளவுல பல படமா எடுக்கறது) பாக்கி இருக்கு, அதுக்கு தயவுசெஞ்சு "அடைப்புக்குறியிடல்"னு மட்டும் யாரும் அனுப்பாதீங்க.