எல்லா ஊரிலும் தாலாட்டு உண்டு என்றால், இசை பிறவியிலேயே வருவதா?

பனங்கிழங்கு:

என் மகளுக்கு எட்டு மாதம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவளைத் தூங்க வைக்க என்னென்னவோ போட்டுப் பார்த்து, கடைசியில் யூடியூபில் ஏதோ ஆப்பிரிக்க மொழித் தாலாட்டு ஒன்று மாட்டியது. ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் இரண்டாவது வரியிலேயே இது தாலாட்டுதான் என்று தெரிந்துவிட்டது, அவளும் தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து ஒரே யோசனை. உலகம் முழுக்க அம்மாக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி பாடுகிறார்கள் என்றால் இது பரிணாமத்தில் வந்த குணமாகத்தானே இருக்க வேண்டும்? ஆபீஸ் நண்பர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1997-லேயே இசையைக் காதுக்கான சீஸ்கேக் என்று சொல்லிவிட்டாராம், அதாவது வேறு வேலைகளுக்காக வளர்ந்த மூளைக்கு நாமே செய்து ஊட்டிக்கொள்ளும் தித்திப்பு, அவ்வளவுதானாம். (நம் ஊர்க்காரராக இருந்திருந்தால் ஜிலேபி என்றிருப்பார்.) டார்வின் வேறு மாதிரி சொன்னதாக ஞாபகம். உலக இசையை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா?

தூங்காநகர்:

தாலாட்டு என்று தேடித்தானே போட்டீர்கள், அப்புறம் அது தாலாட்டு என்று தெரிந்ததில் என்ன அதிசயம் :)

நாலுகட்டை:

கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரிதான், அதற்காகவே ஒரு சோதனை நடந்தது. சாமுவேல் மெர், மன்வீர் சிங் முதலான ஆய்வாளர்கள் 86 சிறிய சமூகங்களின் 118 பாடல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 14 நொடி மட்டும் வெட்டி, 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேரை இணையத்தில் கேட்க வைத்தார்கள். 2018-ல் வெளிவந்தது. எந்த ஊர்ப் பாட்டு, எதற்குப் பாடுவது, எதுவும் சொல்லவில்லை. ஆட்டப் பாட்டையும் தாலாட்டையும் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். நோய் தீர்க்கப் பாடுவதை ஓரளவு. காதல் பாட்டில்தான் கோட்டை விட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கடைசி விஷயம்தான். டார்வின் 1871-ல் சொன்னது என்ன? மனிதனின் மூதாதைகள் இணையைக் கவரக் குரல் கொடுத்ததில்தான் இசையின் வேர் இருக்கிறது என்று. அப்படியென்றால் காதல் பாட்டல்லவா எந்த ஊர்க்காரர் காதிலும் முதலில் பிடிபட வேண்டும்? இதை வைத்தே டார்வின் அவுட் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் இடிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பாட்டு எதற்கு என்பது பிடிபடுவது வேறு, ஒலி எங்கும் ஒன்று என்பது வேறு. அலெக்சாண்டர் எல்லிஸ் 1885-லேயே பல நாட்டு வாத்தியங்களின் சுர இடைவெளிகளை அளந்து (ட்யூனர் ஆப்பில் சென்ட் என்று ஒரு அளவு வருகிறதே, அது அவர் போட்ட கணக்குதான்) இயற்கை தந்த ஒரே சுரவரிசை என்று ஒன்று கிடையாது என்று எழுதிவிட்டார். ஜோஷ் மெக்டெர்மட் குழு பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் போய், இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைத்துக் கேட்டது. மேற்கத்தியக் காதுக்கு உறுத்துகிற சேர்க்கையும் இனிக்கிற சேர்க்கையும் அவர்களுக்கு ஒன்றுபோலவே இருந்தன. 2016-ல் வந்த ஆய்வு அது. பல குரல்கள் வெவ்வேறு சுரத்தில் சேர்ந்து பாடும் வழக்கமே அவர்களிடம் இல்லை.

பேட்ரிக் சேவேஜ் குழு 2015-ல் உலகெங்குமிருந்து 304 ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டு அலசியது. விதிவிலக்கே இல்லாத பொது அம்சம் ஒன்றுகூடத் தேறவில்லை. பெரும்பாலான இடங்களில் வருகிறது என்று சொல்லத்தக்கவை 18 தேறின, சீரான தாளம், கூட்டமாகச் சேர்ந்து பாடுவது, இந்த மாதிரி.

ஓலைச்சுவடி:

நாலுகட்டை சொன்னதோடு ஒரு முக்கியமான செய்தியையும் சேர்க்க வேண்டும். பராகுவேயில் வடக்கு அச்சே என்று ஒரு மக்கள். அவர்களோடு 1977 முதல் பழகி, மாதக்கணக்கில் தங்கி ஆய்வு செய்தவர் கிம் ஹில். அவரும் மன்வீர் சிங்கும் சேர்ந்து 2025-ல் எழுதிய கட்டுரையில், அச்சே பெற்றோர் குழந்தைக்குத் தாலாட்டு பாடுவதில்லை, அவர்களிடம் நடனமும் இல்லை என்கிறார்கள். ஆமாம், மேலே 750 பேரை வைத்துச் சோதித்த அதே மன்வீர் சிங்தான். அச்சேக்களுக்குப் பாட்டே தெரியாது என்பதல்ல. பெரியவர்கள் பாடுகிறார்கள், ஆனால் தனியாக. ஆண்கள் பெரும்பாலும் வேட்டையைப் பற்றி, பெண்கள் இறந்துபோன சொந்தங்களைப் பற்றி. குழந்தை அழுதால் கொஞ்சிப் பேசுவார்கள், முகத்தைக் கோணிக் காட்டிச் சிரிக்க வைப்பார்கள்.

முன்பு இருந்து பிறகு தொலைந்திருக்க வேண்டும், மக்கள்தொகை குறுகியதும் பின்னால் குடியிருப்புகளில் அடைபட்டதும் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதாவது தாலாட்டு தொலையக்கூடியது. யாராவது பாடிக் காட்டாவிட்டால் தானாக முளைக்காது. இசையையும் மூளையையும் ஆராயும் அனிருத் படேல் சொல்லும் உதாரணம் இங்கே பொருந்தும்: தீ மூட்டத் தெரியாத சமூகம் கிடையாது, அதற்காகத் தீ மூட்டுவது நம் மரபணுவில் எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பனங்கிழங்கு, உங்கள் நண்பர் முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. எனக்கும் அந்த சீஸ்கேக் பேச்சு எரிச்சல்தான், ஆனால் "எல்லா ஊரிலும் இருக்கிறது, ஆகவே பிறவிக்குணம்" என்ற உங்கள் வாதம் அதைவிட பலவீனம்.

தூங்காநகர்:

அதே படேல்தானே 2009-ல் ஸ்னோபால் என்ற காக்கட்டூ கிளியைப் பாட்டுக்கு ஆட வைத்து அளந்தவர்? பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் கிளியும் பல இடங்களில் அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றியது. கேட்ட ஒலியைத் தன் குரலில் எழுப்பக் கற்றுக்கொள்ளும் உயிர்களுக்குத்தான் தாளம் பிடிக்க வரும் என்பது அவர் யூகம். பிறகு ரோனன் என்று ஒரு கடல் சிங்கம் அவ்வளவாகக் குரல் கற்காத இனத்திலிருந்து வந்து, பழக்கியதும் தாளத்துக்குத் தலையாட்டி, யூகத்தைக் கெடுத்துவிட்டது. என் கல்யாணத்தில் ஆடிய சித்தப்பாவைவிட இரண்டுக்கும் தாளம் சுத்தம்.

பனங்கிழங்கு:

சரி, வாதம் பலவீனம், ஒத்துக்கொள்கிறேன். தாலாட்டு என்று தேடித்தான் போட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அச்சே செய்தியைப் படித்துவிட்டு நேற்று பாடாமல் முகத்தைக் கோணிக் காட்டிப் பார்த்தேன். சிரித்தாள், தூங்கவில்லை, ஒன்றரை மணி வரை விளையாட்டு.

நாலுகட்டை:

ஹாஹா. அவர்கள் சொன்னது அழுகையை நிறுத்த, தூங்க வைக்க அல்ல.

ஓலைச்சுவடி:

இன்னொன்று தோன்றுகிறது. அந்த 14 நொடிச் சோதனையில் எங்கள் அப்பாயியின் பாட்டைப் போட்டிருந்தால் எல்லோரும் குழம்பியிருப்பார்கள். தாலாட்டையும் ஒப்பாரியையும் அவர் கிட்டத்தட்ட ஒரே மெட்டில்தான் பாடுவார், அதே இழுவை, அதே இறக்கம். என் தம்பி பிறந்த புதிதில் ஒரு மத்தியானம் அவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாட, குழந்தைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டு அத்தை அலறிக்கொண்டு ஓடி வந்தார். அந்தச் சத்தத்தில் தம்பி எழுந்துவிட்டான், அப்பாயி முதலிலிருந்து பாட வேண்டியதாயிற்று.