காகிதக்கூழ் நுரைப் பலகை: போராக்ஸ் அடித்தும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கு, உதவி வேணும்

கோத்தகிரி_பனி:
வணக்கம். தகரக் கூரைக்கு அடியில் குளிருக்குத் தடுப்பா மாட்ட நுரைப் பலகை செய்றேன், முழுக்க செடிப் பொருள்தான். தீப்பிடிக்காம இருக்க போராக்ஸ் (வெண்காரம்) கரைசல் ரெண்டு கோட் ஸ்ப்ரே பண்ணியாச்சு. லைட்டர் காட்டினா தீ உடனே நின்னுடுது. ஆனா கருகின இடம் உள்ளுக்குள்ளயே ஊதுபத்தி மாதிரி ஊர்ந்துட்டுப் போகுது, அரை மணி நேரத்துல மறுபக்கம் ஓட்டை. மேல வெள்ளையா உப்பு வேற பூக்குது. இன்னும் எத்தனை கோட் அடிக்கணும்? அவசரம், மழைக்கு முன்னாடி மாட்டணும்.

கொடை_தச்சர்:
என்ன நுரை? மாவு நுரையா, காளான் வேர்ப் பலகையா, ரப்பர் பாலா? கனம் எவ்வளவு, ஒரு பலகை எத்தனை கிராம்?

பழைய_ஆய்வகம்:
மாசத்துக்கு ஒருத்தர் "போராக்ஸ் போட்டேன், அணையல"ன்னு வர்றாங்க. சுடர் வேற, கனல் வேற. இது தெரியாம கூரையில மாட்டக் கிளம்பிடறாங்க. தலைப்பைத் தவிர ஒரு விவரமும் இல்லை. பசை என்ன? கரைசல் எத்தனை சதம்? எத்தனை மில்லி உள்ளே போச்சு?

தேயிலைக்காடு:
உரக்கடையில டிஏபி (டை-அமோனியம் பாஸ்பேட்) வாங்கிக் கரைச்சு ஊத்துங்க. பாஸ்பேட் இருந்தா மேல கரி படலமா நிக்கும், கனலும் அடங்கும். முடிஞ்சது வேலை.

குன்னூர்_வயர்மேன்:
உர டிஏபியைக் கரைச்சா மண்டி அடியில தங்கும். அதைவிட முக்கியம், ஈரத்துல அமோனியா கிளம்பிச்சுன்னா செம்பு வயரும் பித்தளை டெர்மினலும் பச்சை பூத்துடும். சீலிங்ல வயர் ஓடுற இடத்துல வேண்டவே வேண்டாம்.

மண்வீடு:
ரெண்டு பக்கமும் ஒரு விரல் கனத்துக்குக் களிமண் பூசிடுங்க. மண் எரியாது.

கொடை_தச்சர்:
மண் நல்லதுதான். ஆனா வயர் போக ஓட்டை போட்டா அந்த ஓட்டை வழியா ஒரு பொறி உள்ளே போனாலே போதும். மண்ணுக்கு நடுவுல கனல் சத்தமில்லாம ஓடும், வெளியே தெரியவே தெரியாது. முதல்ல உள்பக்கம் சரியாகணும்.

கோத்தகிரி_பனி:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். பழைய நோட்டுத் தாள் கூழ், பூந்திக்கொட்டை தண்ணி அடிச்ச நுரை, வெள்ளை மரப்பசை. பலகை 60க்கு 30 செ.மீ., கனம் 4 செ.மீ., காய்ஞ்சா 430 கிராம். கரைசல் லிட்டருக்கு 50 கிராம் போராக்ஸ், ரெண்டு கோட்டும் சேர்த்து 150 மில்லி இருக்கும். முதல்ல போராக்ஸை கூழ்லயேதான் போட்டேன், சளி மாதிரி திரிஞ்சு நுரை உட்கார்ந்துடுச்சு. அதான் ஸ்ப்ரே.

பழைய_ஆய்வகம்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பத்து பதில் மிச்சம். வெள்ளைப் பசையில பாலிவினைல் ஆல்கஹால் இருக்கு. போராக்ஸ் பட்டதும் பிடிச்சுக்கிட்டு ஜெல்லாயிடும், குழந்தைங்க ஸ்லைம் செய்றது இதே வினைதான். காய்ஞ்ச பலகை மேல அடிச்சாலும் மேல்தோல் இறுகி, கரைசல் உள்ளே இறங்காம அங்கேயே நின்னு பூக்குது. கணக்கும் பாருங்க: 150 மில்லியில 7.5 கிராம் போராக்ஸ், 430 கிராம் பலகைக்கு ரெண்டு சதம்கூட இல்லை. காகிதத்துக்கு 15 சதமாவது வேணும், அதாவது 65 கிராம். அதுவும் போராக்ஸ் மட்டும் போட்டா சுடர்தான் அடங்கும். கனலை அடக்குறது போரிக் அமிலம்.

சோலை_நடை:
இதெல்லாம் எதுக்கு? நம்ம மலையில சீகை மரம் குவிஞ்சு கிடக்கு. அதன் பட்டைத் துவர்ப்புல (டானின்) நுரை செய்றாங்க, தானாவே தீத்தாங்கும். பூந்திக்கொட்டைக்குப் பதிலா சீகைக்காயும் போடலாம், எல்லாம் ஒரே மரம்தானே.

பழைய_ஆய்வகம்:
ஒரே மரம் இல்லை. தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் ஒரு கொடி. நீலகிரியில சீகைன்னு சொல்றது ஆஸ்திரேலியாவுலேர்ந்து கொண்டாந்த வாட்டில். தூரத்துச் சொந்தம்தான், செடி வேற.

சோலை_நடை:
பேர் எதுவோ, பட்டையில துவர்ப்பு இருக்கா இல்லையா?

பழைய_ஆய்வகம்:
நிறையவே இருக்கு. அதை நுரையாக்க ஃபர்ஃபியூரில் ஆல்கஹால்ங்கிற ரசாயனமும் வீரிய அமிலமும் வேணும். அளவு தப்பினா கலவை கொதிச்சு வெளியே பாயும். சமையலறை வாளியில செய்ற வேலை இல்லை.

தேயிலைக்காடு:
வாட்டிலை வெட்ட முதல்ல வனத்துறை விடணுமே. சொந்த நிலத்து மரத்துக்கே அலையணும்.

சோலை_நடை:
அயல் மரத்தை எடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றமே சொல்லியாச்சு.

கொடை_தச்சர்:
மர வழக்குக்குத் தனி இழை போடுங்கப்பா. பனி, உங்க பசையை மாத்தாமலே செய்ற வழி:

ஒரு பலகைக்கான கூழுக்கு 45 கிராம் போரிக் அமிலத் தூள், நல்லா சலிச்சது. போராக்ஸ் வேண்டாம். அமிலம் தனியா இருந்தா பசை சாதாரணமா திரியாது. ஆனா வெள்ளைத் தாள்ல சுண்ணாம்புத் தூள் நிரப்பியிருப்பாங்க, அது அமிலத்தைக் கொஞ்சம் முறிக்கும். அதனால முதல்ல ஒரு டம்ளர்ல கலந்து பாருங்க. நூல் இழுத்தா ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு மறுபடி பாருங்க. பிறகு நுரையடிச்சு வார்த்துடுங்க. வார்த்த பிறகு பிழியாதீங்க, அமிலம் தண்ணியோட போயிடும்.

காய்ஞ்சதும் மேலுக்கு: லிட்டருக்கு 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக். ரெண்டும் சேர்ந்தா தனித்தனியா கரையறதைவிட அதிகம் கரையும். கை பொறுக்கிற சூட்டுல வச்சே ஊத்தணும், கோத்தகிரி குளிர்ல ஆறினா வாளி அடியில படிகம் கட்டும். பக்கத்துக்கு 100 மில்லி, கம்பி வலை மேல படுக்க வச்சு மெதுவா. கூழ்ல 45, மேலுக்கு 20, மொத்தம் 65 கிராம் ஆச்சு.

எவ்வளவு குடிச்சதுன்னு ஊத்தின உடனே எடை போட்டுப் பாருங்க. காய்ஞ்ச பிறகு பார்த்தா ஏமாத்தும், மூடுபனியில பலகையே ஈரம் இழுத்து எடை காட்டும்.

குன்னூர்_வயர்மேன்:
போரிக் அமிலத்துக்குப் பதில் கேரம் பவுடர் டப்பா வாங்கிடாதீங்க, சிலதுல மாவுதான் இருக்கும். கையுறை, மூக்குக்குத் துணி போட்டுக்கோங்க. கர்ப்பிணிகள் தூள் பக்கம் வர வேண்டாம். சோதனையை வெளியே கல்லு மேல வைங்க: 10 விநாடி சுடர், பிறகு இருட்டுல செம்புள்ளி தெரியுதான்னு பாருங்க. அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டு மணி நேரம் அங்கேயே கிடக்கட்டும்.

மண்வீடு:
அப்புறம் மண்ணும் பூசலாம்ல?

கொடை_தச்சர்:
பூசலாம், தாராளமா. பலகை முழுக்கக் காய்ஞ்ச பிறகு.

கோத்தகிரி_பனி:
ஒரு பலகை செஞ்சாச்சு. எலுமிச்சை தேவைப்படல. சுடர் எடுத்த ஒரு நிமிஷத்துல செம்புள்ளி போயிடுச்சு. ஒரு மூலையில மட்டும் 10 நிமிஷம் கனன்றது, அறுத்துப் பார்த்தா அங்க கூழ் அடிபடாம கட்டியா இருக்கு. நன்றி எல்லாருக்கும்.

பழைய_ஆய்வகம்:
கட்டிக்குள்ள தூள் போகல, தாளை ராத்திரி முழுக்க ஊற வச்சு அடிங்க. இன்னொண்ணு, அந்தக் கூரையில அடுப்புப் புகைக்குழாய் எங்க போகுது? பலகைக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி?

கொடை_தச்சர்:
பனி, அதுக்குப் பதில் சொல்லிட்டு மாட்டுங்க.

குன்னூர்_வயர்மேன்:
நாலு நாளாச்சு. ஆளைக் காணோம்.