ஆடிக் காற்றில் படுக்கையறைக் கதவு அறைகிறது, பாப்பாவின் விரல் மாட்டிக்கொண்டது. உதவி வேண்டும்

கோவை அம்மா:
வணக்கம். கோவையில் மூன்றாவது மாடி, வாடகை வீடு. படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஹாலைத் தாண்டிக் கிழக்கே பால்கனி. ஆனி பிறந்ததிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அந்த ஜன்னலில் நுழைந்து பால்கனி வழியாகப் போகிறது. நடுவில் இருக்கும் படுக்கையறைக் கதவு வெடி வெடித்த மாதிரி அறைகிறது.

நேற்று மாலை ஹாலில் நின்றபடி பாப்பா (வயது 2) நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காற்று கதவைத் தள்ளியது. மாட்டியது தாழ்ப்பாள் பக்கம் இல்லை, கீல் பக்க இடுக்கில். மோதிர விரல் நுனி வீங்கி, நகம் கறுத்திருக்கிறது. இரவு முழுக்க அவளைத் தோளில் போட்டு நடந்தேன்.

கதவுக்குப் பின்னால் சுவரில் காந்த ஸ்டாப்பர் இருந்தது, போன மாதம் திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ரப்பர் ஆப்பு வைத்தால் டைல்ஸில் வழுக்குகிறது. சுவரில் நிறைய ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். என்ன செய்தால் நிம்மதியாக இருக்கலாம்?

செவிலியர், திருப்பூர்:
கதவு அப்புறம், முதலில் விரல். டாக்டரிடம் காட்டினீர்களா? இல்லையென்றால் இன்றே போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இந்த வயதில் விரல் நுனி எலும்பு வளரும் இடம் நகத்தின் அடிவேருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நகம் அடியிலிருந்து தூக்கிக்கொண்டு ரத்தம் கசிந்தால் உள்ளே எலும்பும் விலகியிருக்கலாம், அதை வெறும் நகக்காயம் என்று விடக்கூடாது.

படிப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். விரல் நசுங்கினால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் காட்டுங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள். குழந்தைக்கு மோதிரம் போட்டிருந்தால் அந்த நிமிடமே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதுவும் வைக்காதீர்கள். கறுத்த நகத்தை ஊசியால் நீங்களே குத்தாதீர்கள்.

நுனி துண்டாகிப் போனால் அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். விரல் துண்டின்மேல் ஐஸ் நேராகப் படக்கூடாது, பட்டால் தசை கெட்டுவிடும். 108-ஐக் கூப்பிட்டு, கை அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோவை அம்மா:
காலையிலேயே போய் வந்தோம் அக்கா. எலும்புக்கு ஒன்றும் இல்லை, நகம் விழுந்து மறுபடி முளைக்க மாதக்கணக்காகும் என்றார். மோதிர விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. காதுகுத்துக்குப் போட்ட மோதிரம் மற்றக் கையில் இருந்தது, இப்போதே கழற்றி வைத்துவிட்டேன்.

தச்சு வேலைக்காரர்:
நான் 30 வருடமாகக் கதவு மாட்டுகிறவன். எல்லோரும் தாழ்ப்பாள் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள், கீல் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கைப்பிடி கீலிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அங்கே 2 கிலோ அளவுக்குக் காற்று தள்ளினால், கீலிலிருந்து ஒன்றரை செ.மீ.யில் இருக்கும் விரலுக்கு அது 50 மடங்கு, அதாவது 100 கிலோவாக இறங்கும். பாக்குவெட்டியின் அடியில் பாக்கு எவ்வளவு எளிதாக உடைகிறதோ, அதே கணக்குதான். உங்கள் கதவு அறைக்குள் திறக்கிறது என்று புரிகிறது. அப்படியென்றால் திறந்திருக்கும்போது கதவின் கனத்துக்கு ஒரு இடுக்கு ஹால் பக்கம் வாய் பிளந்து நிற்கும். குழந்தை கை வைக்க அவ்வளவு வசதியான உயரம். கதவு மூடும்போது அந்த இடுக்குதான் முதலில் இறுகும்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று கதவை அசையாமல் நிறுத்துவது, இன்னொன்று இடுக்கை மூடுவது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

நிறுத்துவதற்கு ஜன்னல் கொக்கிதான் சிறந்தது. பழைய வீட்டு ஜன்னல்களில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கொக்கி, சட்டத்தில் ஒரு வளையம் இருக்கும். அதில் 6 அங்குலம் வாங்கி, கதவின் பின்புறம் உங்கள் தோள் உயரத்தில் கொக்கியையும் சுவரில் வளையத்தையும் மாட்டுங்கள். சுவரில் ஒரே ஓட்டைதான், ஸ்டாப்பர் பிடுங்கிய பழைய ஓட்டைக்கு மேலே போட்டால் வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளலாம். காந்தம் காற்றுக்குத் தாங்காது. கொக்கி தாங்கும், குழந்தைக்கும் எட்டாது. உங்களுடையது பிளஷ் கதவாக (இருபுறமும் பலகை ஒட்டிய தட்டையான கதவு) இருந்தால் நடுவில் திருகாதீர்கள், உள்ளே வெற்றிடமாக இருக்கலாம். ஓரத்துக் கட்டைச் சட்டத்தில் பிடியுங்கள்.

இடுக்குக்கு ஒரு முழ அகல ரெக்சின் போதும். கதவை முழுக்கத் திறந்து வைத்து அளவெடுத்து, ஒரு ஓரத்தைக் கதவிலும் மறு ஓரத்தை நிலையிலும் மெல்லிய ரீப்பர் (மரச்சட்டம்) வைத்து அடித்துவிட்டால், மூடும்போது அது மடிந்து வெளியே வரும், விரல் உள்ளே போகாது. தரையிலிருந்து 4 அடி உயரம் போதும். ஆணி அடிக்க மனமில்லை என்றால் கடையில் இதற்கென்றே ஒட்டுகிற பிளாஸ்டிக் பட்டை கிடைக்கிறது. கதவின் மறுபக்கத்து இடுக்கும், கீலின் முட்டு இருக்கும் பக்கம், சின்னதாக இருந்தாலும் திறக்கும்போது நசுக்கும். அதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று. ஜன்னலை எல்லாம் மூடிவிட்டுக் கதவைப் பாதி திறந்து விட்டுப் பாருங்கள். தானாக நகர்ந்தால் நிலை சாய்ந்திருக்கிறது, காற்று இல்லாத நாளிலும் அது மூடும்.

வெள்ளலூர்க்காரி:
அண்ணா சொன்னது வரும் வரைக்கும் இன்றைக்கே ஒன்று செய்யலாம். ஏசி குழாய்க்குப் போடுகிற கறுப்பு நுரைக் குழாய் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒரு அடி வாங்கி நீளவாக்கில் கிழித்து, கதவின் திறக்கும் ஓரத்தில் உங்கள் தலை உயரத்தில் மாட்டுங்கள். கதவு முழுக்க மூடாது, அறையாது. கீழே மாட்டினால் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் அடைக்கும். அது கிடைக்காவிட்டால் ஒரு துண்டைக் கதவின் மேல் விளிம்பில் போட்டுவிடுங்கள். ஆனால் இவை கீல் பக்கத்துக்குப் பதில் இல்லை.

ரப்பர் ஆப்பு வழுக்குவது பெரும்பாலும் தூசியால். ஈரத்துணியால் ஆப்பையும் டைல்ஸையும் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் வைத்துப் பாருங்கள்.

இருகூர் தாத்தா:
காற்றுக்கு வழி விடுவதையும் யோசியுங்கள் அம்மா. மேற்கு ஜன்னலையும் பால்கனிக் கதவையும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறக்காதீர்கள். இரண்டில் ஒன்று நான்கு விரல் அளவு திறந்தால் போதும், அறைக்குக் காற்று வரும், கதவை இழுக்கும் வேகம் இருக்காது.

குளியலறையையும் பாருங்கள். என் பேத்தி உள்ளே போய்க் கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள், திறக்கத் தெரியவில்லை, அழுகை. வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளைப் பிடித்திருக்கும் அலுமினியத் தகடுகளை வெளியிலிருந்து நிமிர்த்தி, ஒவ்வொன்றாக உருவி, மகன் உள்ளே இறங்கினான். அன்றே கீழ்த்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். இப்போது மேலே மட்டும் ஒன்று.

கோவை அம்மா:
ஐயா, குளியலறைத் தாழ்ப்பாள் எங்களுக்கும் கீழேதான் இருக்கிறது. அப்புறம் ஒரு சந்தேகம். கட்டில் அந்த மேற்கு ஜன்னலை ஒட்டித்தான் போட்டிருக்கிறோம். கம்பி இருக்கிறது, கொசுவலையும் அடித்திருக்கிறோம். பரவாயில்லையா?

தச்சு வேலைக்காரர்:
கொசுவலையை நம்பவே கூடாது. அது கொசுவைத் தடுக்கும், குழந்தையின் எடையைத் தாங்காது. கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அதற்கு மேல் இருந்தால் குழந்தை நுழையக்கூடும். கம்பி படுக்கைவாட்டில் இருந்தால் அது ஏணி மாதிரி. எப்படியிருந்தாலும் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள், இன்றைக்கே, ஆசாரிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கோவை அம்மா:
மூன்று நாள் ஆயிற்று. கட்டில் மாறிவிட்டது. கம்பி இடைவெளி மூன்றரை அங்குலம், நிற்கிற கம்பிதான். கொக்கியை என் கணவரே மாட்டினார். நேற்று இரவு காற்று அடித்தபோது கதவு ஒருமுறை ஆடிவிட்டு நின்றது, பாப்பா விழிக்கவில்லை. குளியலறையின் கீழ்த்தாழ்ப்பாளும் போய்விட்டது. வியாழன் அன்று ஆசாரி ரெக்சின் அடிக்க வருகிறார். ஒரு முழம் அகலம் அதிகம், அரை முழம் போதும் என்கிறார். சரியா அண்ணா?

தச்சு வேலைக்காரர்:
அவர் கதவைப் பார்த்துச் சொல்கிறார், நான் பார்க்காமல் சொன்னேன். அவர் சொல்வதையே கேளுங்கள். கதவை முழுக்கத் திறந்து வைத்துத்தான் அளவெடுத்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடி வைத்து அளந்தால் முதல் முறை திறக்கும்போதே கிழிந்துவிடும்.