சர்வேயர் சங்கக் கிளை: பதிவு, முதல் பயிற்சி

கேள்வி: நாகர்கோவிலில் தனியார் சர்வேயர்களுக்கு மாவட்டக் கிளை தொடங்குகிறோம், 22 பேர். பதிவு கட்டாயமா? முதல் பயிற்சியை எங்கே வைக்கலாம்?

பதில் 1: கட்டாயம்தான் அண்ணே. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 20 உறுப்பினர் ஆனாலே பதியணும். துணைவிதியில் நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 வருஷத்தைத் தாண்டக் கூடாது.

பதில் 2: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வையுங்க. ஜனவரி வேண்டாம், இலை உதிர்ந்திருக்கும், சிக்கலே தெரியாது. தழைத்த மரத்தடியில் ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் சிக்னலில் இடம் அளக்கும் கருவி) ஃபிக்ஸ், அதாவது நம்பகமான துல்லிய நிலை, ஆகாமல் துல்லியம் குறைந்த ஃப்ளோட்டிலேயே நிற்கும். அதை நம்பிக் கல் நட்டால் எல்லை விலகி, அயல்காரர்களுக்குள் வழக்குதான். வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று தெரியும் 2 புள்ளிகளை ஃபிக்ஸில் எடுங்க. ஒன்றில் டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி), மற்றதில் பேக்சைட் (கருவியின் திசையைப் பொருத்தத் திரும்பிப் பார்க்கும் குறி). கருவி அளந்த பேக்சைட் தூரம், அந்த 2 புள்ளிகளின் ஜிஎன்எஸ்எஸ் அளவில் வரும் கணக்கோடு ஒத்துவந்த பிறகே டிராவர்ஸாக (புள்ளிக்குப் புள்ளி தொடர்ந்து அளந்தபடி) தோட்டத்துக்கு உள்ளே போகணும், தொடங்கிய புள்ளியிலேயே வந்து மூடணும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. பேக்சைட் சோதனையை எல்லாரையும் தனித்தனியே செய்ய வைக்கிறோம்.