மினி கிட்டார் ஹெட்போன் ஆம்ப் சர்க்யூட்டை வரையணும், ஐசி நம்பரை சுரண்டி வச்சிருக்காங்க

ஆறாவது_தந்தி:
வணக்கம் மக்களே. கிட்டார் ஜாக்லயே நேரா சொருகுற குட்டி ஹெட்போன் ஆம்ப் ஒண்ணு வச்சிருக்கேன். ரெண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி, கெய்ன், டோன், வால்யூம்னு மூணு திருகு, போன்லேருந்து பாட்டு குடுக்க ஒரு ஆக்ஸ், ஒரு ஹெட்போன் ஜாக், அவ்ளோதான். சத்தம்லாம் நல்லாத்தான் வருது ஆனா பேஸே இல்ல, தடி கம்பியை மீட்டினா தகர டப்பாவை தட்டுற மாதிரி கேக்குது. சரி சர்க்யூட்டை வரைஞ்சு எங்க பேஸ் காணாம போகுதுன்னு பாக்கலாம்னு கழட்டினா உள்ள ரெண்டு எட்டு கால் ஐசி, ரெண்டுலயும் நம்பரை சுரண்டி எடுத்துட்டாங்க. எல்லாம் எஸ்எம்டி, அதான் போர்டு மேலயே ஒட்டுற குட்டி பார்ட்ஸ், செராமிக் கப்பாசிட்டர்ல ஒரு எழுத்தும் கிடையாது, ரெசிஸ்டர்ல 104, 472ன்னு போட்டிருக்கு, ஒண்ணுல மட்டும் 01சி. இன்னொண்ணு, சிக்னலோட உச்சியை வெட்டி டிஸ்டார்ஷன் குடுக்கிற க்ளிப்பிங் டயோடுன்னு எதுவுமே கண்ல படல ஆனா கெய்ன் ஏத்தினா டிஸ்டார்ஷன் வருது, அது எப்படி? கையில மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கு, ஸ்கோப் இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

நைட்_ஷிப்ட்:
இதுக்கு ஏங்க இவ்ளோ மெனக்கெடணும், எல்எம்386ன்னு ஒரு ஆம்ப் ஐசி வாங்கி புதுசாவே பண்ணிடுங்க, சாயங்காலம் உக்காந்தா ராத்திரி சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும்.

சால்டர்_வாசம்:
386க்கு குறைஞ்சது 4 வோல்ட் வேணும், இவர்கிட்ட இருக்கிறது 3 வோல்ட். அதனால அந்த டப்பாக்குள்ள 386 இருக்க வாய்ப்பில்ல, புதுசா பண்ணினாலும் அந்த சைஸ்ல 9 வோல்ட் பேட்டரிக்கு எங்க போறது.

ப்ரோ, நம்பர் இல்லன்னு கவலையே படாதீங்க, பவர் எந்த கால்ல வருதுன்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். பேட்டரியை கழட்டிட்டு கன்டினியூட்டி மோட்ல வச்சு பேட்டரி மைனஸ்லேருந்து ஒவ்வொரு காலா தொடுங்க, அப்புறம் ப்ளஸ்லேருந்து. இந்த மாதிரி ஐசி பெரும்பாலும் எல்லாத்துக்கும் 4வது கால் கிரவுண்டு, ப்ளஸ் எங்க வருதுங்கறதுதான் வித்தியாசம். 8ல வந்தா டபுள் ஆப்-ஆம்ப், அதாவது சிக்னலை பெருக்குற ரெண்டு ஆம்ப் ஒரே ஐசில. 6ல வந்தா 386 குடும்பம். 2ல வந்தா டிடிஏ2822எம் மாதிரி ஹெட்போன் ஓட்டுற ஐசி, அது 1.8 வோல்ட் வரைக்கும் இறங்கி வேலை செய்யும், அதனால ரெண்டு பேட்டரி சாமான்ல அடிக்கடி மாட்டும்.

ரெண்டு பக்கமும் நேரா மேலேருந்து போட்டோ எடுத்து ஒண்ணை இடவலமா புரட்டி, கிம்ப் மாதிரி போட்டோ எடிட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சு மேல இருக்கிறதை பாதி மங்கலாக்குங்க, ஓட்டை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்திடுச்சுன்னா டிராக் எங்க இறங்கி எங்க ஏறுதுன்னு தெரியும். ரெண்டு லேயர் போர்டுதான்னா பின்னாடி டார்ச் அடிச்சாலே நிறைய தெரியும். பேப்பர்ல வரையும்போது போர்டுல இருக்கிற மாதிரியே வரையாதீங்க, ஜாக்ல ஆரம்பிச்சு இடமிருந்து வலமா வரைங்க, இல்லன்னா மூணாவது ரெசிஸ்டர்லயே தலை சுத்திடும்.

01சிங்கறது 10 கே. 01ன்னா 100, சின்னா இன்னொரு 100 மடங்கு. 472ன்னா 4.7 கே. போர்டுல வச்சே ரெசிஸ்டரை அளந்தா பக்கத்து பாதையும் சேந்துக்கும், அதனால உள்ளதை விட கம்மியா காட்டும், 104க்கு 38 கேன்னு வந்தா பயந்துடாதீங்க, மேல எழுதியிருக்கிறதை நம்புங்க.

ஆறாவது_தந்தி:
அருமைங்க!! ஒரு ஐசில 8 ப்ளஸ் 4 மைனஸ், இன்னொண்ணுல 2 ப்ளஸ் 4 மைனஸ், அப்படியே நீங்க சொன்ன மாதிரியே. 2வது ஐசியோட 1, 3 கால்லேருந்து ஆளுக்கொரு உருளை கப்பாசிட்டர் வழியா ஹெட்போன் ஜாக்கோட டிப்புக்கும் ரிங்குக்கும் போகுது, மேல 47ன்னு இருக்கு. ஆப்-ஆம்ப்ல 1க்கும் 2க்கும் நடுவுல கெய்ன் பாட், 2லேருந்து 472, அதுக்கப்புறம் பேர் தெரியாத ஒரு செராமிக், அப்புறம் கிரவுண்டு. பேட்டரி போட்டு பாத்தா 1வது கால்ல 1.5 வோல்ட், ஆனா 3வது கால்ல 1.36தான் காட்டுது. ரெண்டும் ஒண்ணாதானே இருக்கணும், ஐசி போயிடுச்சா?

சால்டர்_வாசம்:
ஐசிக்கு ஒண்ணும் ஆகல, மீட்டர்தான் இழுக்குது. 3வது காலுக்கு பேட்டரியோட பாதி, அதாவது 1.5 வோல்ட், 1 மெகா ரெசிஸ்டர் வழியா வருதுன்னு நினைக்கிறேன், உங்க மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா, ரெண்டும் சேந்து 1.5ஐ பிரிச்சா 1.36தான் வரும். கணக்கு இவ்ளோ கரெக்டா வர்றதால பக்கத்துல 105ன்னு ஒரு ரெசிஸ்டர் இருக்கும் பாருங்க. பிக்கப் (கிட்டார்ல கம்பி அதிர்வை சிக்னலா மாத்துறது) சிக்னலை சாகடிக்காம வாங்கறதுக்குத்தான் அவ்ளோ பெரிய மதிப்பு.

டயோடு இல்லாம டிஸ்டார்ஷன் எப்படின்னு கேட்டீங்கல்ல, பாட் 500 கேன்னு வச்சுக்கோங்க, கெய்ன் 1 + 500/4.7, அதாவது 100க்கு மேல. ஆப்-ஆம்ப்க்கு மேல கீழ ஆடறதுக்கு 1.5 வோல்ட்தான் இடம். பிக்கப்லேருந்து 100 மில்லிவோல்ட் வந்தா 15 மடங்குலயே தலை முட்டிடும். அந்த முட்டறதுதான் உங்க டிஸ்டார்ஷன், டயோடு வாங்கற காசும் மிச்சம்.

பேஸுக்கு என் சந்தேகம் அந்த பேர் தெரியாத செராமிக் மேலதான். 472 கூட 47 நானோ போட்டா 720 ஹெர்ட்ஸ்க்கு கீழ கெய்ன் இறங்க ஆரம்பிக்கும், டியூப் ஸ்க்ரீமர்ங்கற டிஸ்டார்ஷன் பெடல்ல இருக்கிற அதே மதிப்புகள். ஒரு காலை தூக்கி அளந்து பாருங்க.

கம்பிக்காரன்:
இரும் இரும், சால்டர் அயனை தொடறதுக்கு முன்னாடி ஆக்ஸ்ல ஒரு பாட்டு போட்டு கேளுங்க. ஆக்ஸ் ப்ரீஆம்பை, அதான் அந்த ஆப்-ஆம்ப் ஐசியை, தொடாம நேரா 2வது ஐசிக்குத்தான் போகும். பாட்டுல பேஸ் ஒழுங்கா இருந்தா குற்றவாளி ப்ரீஆம்ப், பாட்டும் தகரமா இருந்தா அவுட்புட். எனக்கு ஹெட்போன் ஜாக்குக்கு போற அந்த 47 உருளை மேலதான் கண்ணு. 47 மைக்ரோவும் 32 ஓம் ஹெட்போனும் சேந்தா 106 ஹெர்ட்ஸ்க்கு கீழ பேஸை வெட்ட ஆரம்பிச்சிடும், உங்க 6வது கம்பி ஈ 82 ஹெர்ட்ஸ். 16 ஓம் இயர்போன்னா இன்னும் மோசம், 212.

ஆறாவது_தந்தி:
பாட்டும் தகரம்தான், ஆனா கிட்டார் அதை விட மோசம். செராமிக்கோட ஒரு காலை தூக்கி அளந்தேன், 46.8 நானோ காட்டுது. அப்போ ரெண்டு பேர் சொன்னதும் சரியா?? பாட்லயும் 504ன்னு இருக்கு. 105 ரெசிஸ்டரும் இருக்கு :)

கம்பிக்காரன்:
அப்போ முதல்ல அவுட்புட்டை மாத்துங்க, அது மாத்தாம ப்ரீஆம்ப்ல என்ன பேஸ் ஏத்தினாலும் வாசல்லயே நின்னுடும். ரெண்டுத்துக்கும் 220 மைக்ரோ, 6.3 வோல்ட் ரேட்டிங் தாராளம், கட்-ஆஃப் 23 ஹெர்ட்ஸ்க்கு இறங்கிடும். உயரம் பாத்து வாங்குங்க, மூடி மூடாம போயிடும், இடம் இல்லன்னா படுக்க வச்சு சால்டர் பண்ணலாம். ப்ளஸ் பக்கம் ஐசி பாத்து இருக்கணும். ஆன் பண்ணும்போது டப்புன்னு வர்ற சத்தம் முன்ன விட பெருசா இருக்கும், ஆன் பண்ணிட்டு அப்புறம் காதுல மாட்டுங்க.

சால்டர்_வாசம்:
ப்ரீஆம்ப்ல கை வைக்கறதா இருந்தா ரொம்ப ஏத்தாதீங்க. கெய்ன் எகிறும்போது பேஸும் சேந்து க்ளிப் ஆனா சேறு மாதிரி ஆயிடும், அங்க வெட்டினதே அதுக்காகத்தான். பழைய செராமிக்கை எடுக்கக்கூட வேணாம், தூக்கின காலை திரும்ப ஒட்டிட்டு அது முதுகு மேலயே இன்னொரு 47 நானோவை ஏத்தி ரெண்டு ஓரமும் சால்டர் வச்சிடுங்க, 94 ஆயிடும், 360 ஹெர்ட்ஸ். பிடிக்கலன்னா அதை மட்டும் எடுத்துட்டா பழையபடி. மொத்தமா வரைஞ்சதும் படத்தை இங்க போடுங்க, டோன் பாட் எங்க உக்காந்திருக்குன்னு இன்னும் நீங்க சொல்லவே இல்ல.